மேட்டு நிலம் முதலில் காயும்

எங்கள் வீட்டு மாடி அறையில் வாட்டர்லூ சண்டை நடந்தது. இங்கிலீஷ்காரர் பக்கம் நான். பிரெஞ்சுக்காரர் பக்கம், ஆற்று மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆடினோம். நான் ஜெயித்தேன் என்பது பாபநாசத்தில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் எல்லாருக்கும் தெரியும். பொய் சொல்லித்தான் ஜெயித்தேன் என்பது நாலு மாதம் வரைக்கும் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொய்யைச் சொல்வதற்கு முன்னால் என் படையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்கு இருக்கும் பெருமை இன்றைக்கும் குறையவில்லை. குறைந்த மாதிரி எழுதினால் அது இன்னொரு பொய்.

கல்லூரியில் முப்பத்திரண்டு வருஷம் ஐரோப்பிய வரலாறு நடத்தினேன். நெப்போலியன் காலம் வந்தால் மூன்று நிறச் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போவேன். கடைசி பெஞ்சு வரைக்கும் அமைதியாகிவிடும் என்று ஒரு பெயர் இருந்தது எனக்கு. ஓய்வு பெற்ற பிறகு இங்கிலாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை, மழைக்கு ஒதுங்க ஒரு மாதா கோயில் மண்டபத்துக்குள் நுழைந்தபோது, பத்துப் பேர் ஒரு பெரிய மேஜையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் என் வயசு. இரண்டு பேர் காதில் மெஷின். மேஜை மேல் புல்வெளி, மேடு, ஓடு வேய்ந்த வீடுகள், அவற்றுக்கிடையே ஆயிரக்கணக்கில் குட்டிச் சிப்பாய்கள். டேப்பால் அளந்து நகர்த்துகிறார்கள், பகடை உருட்டுகிறார்கள், சண்டை போட்டுக்கொள்கிறார்கள். மழை விட்டது எனக்குத் தெரியாது. நாலு மணி நேரம் கழித்து மகள் தேடிக்கொண்டு வந்தாள்.

ஊர் திரும்பியபோது என் பெட்டியில் சாக்லேட் இல்லை. சுண்டுவிரலின் ஒரு கணு உயரத்துக்குப் பிளாஸ்டிக் சிப்பாய்கள் இருந்தார்கள். கூடவே எழுபது பக்கத்துக்கு ஓர் ஆங்கில விதிப் புத்தகம்.

வர்ணம் தீட்ட இரண்டு வருஷம் ஆனது. லென்ஸைக் கட்டிக்கொண்டு, நாலு மயிர் மட்டும் விட்டுக் கத்தரித்த தூரிகையால் சிவப்புச் சட்டை, நீலச் சட்டை, பித்தான், குதிரையின் குளம்பு என்று ஒவ்வொன்றாக. என் மனைவி பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள். காப்பி டம்ளரை வைத்துவிட்டு ஒருநாள் நின்று பார்த்தாள்.

"நிச்சயம் பண்ணின பிறகு எனக்கு ஒரு லெட்டர் எழுத உங்களுக்கு நேரமில்லை. இப்ப குதிரைக்குப் புருவம் வரையறீங்க."

"புருவம் இல்லை, அது கடிவாளம்."

"ரொம்ப முக்கியம்."

மேஜைக்குப் பத்தடிக்கு ஆறடி ப்ளைவுட். தரைக்கு முதலில் எங்கள் வயல் களிமண்ணையே கொண்டுவந்து பூசினேன். மூன்றாம் நாள் சித்திரை மாதத்து வயல் போல வெடித்து, பாதிப் படை வெடிப்புக்குள் விழுந்தது. அதைச் சுரண்டி எறிந்துவிட்டு, தென்னை நார்த் தூளைப் பசையில் குழைத்துப் போட்டேன். அது நின்றது. பழைய வரைபடங்களைப் பார்த்து மேடும் பள்ளமும் அப்படியே கொண்டுவந்தேன். இங்கிலீஷ்காரர் நின்ற நீளமான மேடு, எதிரே பிரெஞ்சுக்காரர் பக்கத்துச் சரிவு, நடுவில் மதில் வைத்த பண்ணைவீடுகள் என்று அந்த நிலம் முழுக்க எங்கள் மாடியில் இருந்தது. தஞ்சாவூர் ஜில்லாவில் இப்படி ஒரு மேஜை இல்லை என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். யாரும் போட்டிக்கு வரவில்லை என்பது உண்மைதான்.

ஆள் கிடைக்காததால் ஒரு வருஷம் நானே இரண்டு பக்கமும் ஆடினேன். வலது கை இங்கிலீஷ், இடது கை பிரெஞ்சு. எப்போதும் இங்கிலீஷ்தான் ஜெயித்தது. சரித்திரத்திலும் அப்படித்தான் என்பதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

லஸ்கர் வந்தது தன் மகள் வீட்டுப் புதுமனைப் புகுவிழாப் பத்திரிகை கொடுக்க. குடமுருட்டிக் கரையில் காலை நடையின்போது பார்த்துக் கும்பிட்டுக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. லஸ்கர்தான். மனைவி அவரை மாடிக்கு அனுப்பிவிட்டாள். பத்திரிகையைத் தட்டோடு நாற்காலியில் வைத்துவிட்டு, மேஜையருகே குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தரைமட்டத்துக்குப் பார்த்தார்.

"சார், இந்த மேட்டுத் தண்ணி எங்க வடியும்?"

"தண்ணியா? இது போர்க்களம்ங்க."

"இருக்கட்டுமே சார். போர்க்களத்துல மழை பெய்யாதா?"

அந்தச் சண்டைக்கு முந்தின ராத்திரி பெய்த மழைதான் அன்றைய நாளைத் தீர்மானித்தது என்று சொல்பவர்கள் உண்டு. சேற்றில் பீரங்கி நகராது, குண்டு தரையில் எகிறாமல் புதைந்துவிடும். தரை காயட்டும் என்று பிரெஞ்சுக்காரர்கள் மத்தியானம் வரை காத்திருந்தார்கள். அந்தத் தாமதத்தில் இங்கிலீஷ்காரருக்குத் துணையாகப் பிரஷ்யர்கள் வந்து சேர்ந்தார்கள். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு மாணவன்கூட என்னிடம் அந்த மழையைப் பற்றிக் கேட்டதில்லை. இவர் மேஜையைப் பார்த்த முதல் நிமிஷத்தில் கேட்டார்.

ஆறு வாரத்தில் விளையாட்டைக் கற்றுக்கொண்டார். புத்தகம் ஆங்கிலம். அவருக்குத் தமிழ் நன்றாக ஓடும், ஆங்கிலத்தில் எண்கள் மட்டும் தெரியும். நான் வாசித்துத் தமிழில் சொல்வேன், அவர் ஒரு தடவை கேட்டுக்கொள்வார், மறக்கமாட்டார். எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டபோது பிரெஞ்சு என்றார்.

"தோத்த கட்சிங்க அது."

"இங்கிலீஷ்காரன் மேட்டுல நிக்கிறான். மேட்டுல நிக்கிறவனுக்கு என்ன சார் வேலை? பள்ளத்துல நிக்கிறவன்தான் யோசிக்கணும்."

அவர் ஆடும் விதம் எனக்குப் புதிது. நான் படித்தவை எல்லாம் தளபதிகளின் குணம், தந்திரம், தவறு. அவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. எந்தப் பட்டாளம் எப்போது போய்ச் சேரும் என்பதை மட்டும் பார்த்தார். முப்பத்தாறு வருஷம் ஷட்டரை ஏற்றி இறக்கியவர். இங்கே திறந்த தண்ணீர் கடைமடைக்கு எப்போது போகும் என்று சொல்லிச் சொல்லிப் பழகியவர். "பட்டாளமும் தண்ணி மாதிரிதான் சார். தொறந்துவிட்டதும் போயிடாது. நடுவுல எவனாச்சும் மடை வெட்டிடுவான். அதுக்கும் சேர்த்துத் தொறக்கணும்." இப்படிச் சொல்லிக்கொண்டே என் ஒத்திகைப் படைகளை இரண்டு தடவை நசுக்கினார். அது ஒத்திகைதானே என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பெரிய ஆட்டம் ஐப்பசியில் ஆரம்பித்தது. வெளியேயும் மழை. தெருவிலிருந்து ஐந்தாறு பேர் பார்க்க வந்தார்கள். உரக்கடைக்காரர் ஒவ்வொரு ஞாயிறும் முதல் ஆளாக வந்து, விசிறிக்கு நேராக நாற்காலி போட்டுக்கொள்வார். மனைவி சுண்டல் செய்து அனுப்பினாள். எனக்குக் கல்லூரி நாட்கள் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் எழுந்து நின்று, உண்மையான சண்டையில் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று சொல்வேன். எல்லாரும் கேட்பார்கள். லஸ்கரும் கேட்பார், கேட்டுக்கொண்டே தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

விதிகளை அதிகம் விவரிக்கப் போவதில்லை. ஆட்டம் பத்துச் சுற்று. தரை ஈரமாக ஆரம்பிக்கும். ஈரத் தரையில் பீரங்கி பாதி வேகத்தில்தான் நகரும், சுட்டாலும் பாதிப் பலன்தான். ஆறாவது சுற்றில் தரை காய்ந்துவிடும். எட்டாவது சுற்றில் பிரஷ்யர்கள் பிரெஞ்சுக்காரரின் வலது பக்கத்தில் வந்து இறங்குவார்கள். அதற்குள் பிரெஞ்சுக்காரர் என் மேட்டை உடைக்க வேண்டும். ஆக, காய்ந்த தரையில் அவருக்குக் கிடைப்பது இரண்டே சுற்று. இது தெரிந்துதான் நான் நிம்மதியாக இருந்தேன்.

முதல் மூன்று சுற்றுகளில் லஸ்கர் சண்டையே போடவில்லை. பெரிய பீரங்கிகளைச் சேற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டிருந்தார். உரக்கடைக்காரர் கிண்டல் செய்தார். "லஸ்கரே, சண்டைக்கு வந்தீங்களா, கரும்பு லாரி தள்ள வந்தீங்களா?"

"நீங்க சுண்டலைத் தின்னுங்க."

மூன்றாவது சுற்று முடிந்தபோது பார்த்தேன். அத்தனை பீரங்கிகளும் என் நடுவணிக்கு நேர் எதிரே, சரிவின் தோளில், ஒரே வரிசையில் நின்றன. நான் ஆடிய ஒரு வருஷத்தில் என் இடது கைக்கு அந்த இடம் தோன்றியதே இல்லை. நாலாவது சுற்றைத் தொடங்கும்முன் அவர் கையைத் தூக்கினார், வகுப்பில் மாணவன் தூக்குகிற மாதிரி.

"ஒரு சந்தேகம் சார். சரிவுதான் முதல்ல காயும். பள்ளம் அப்புறம்தான் காயும். ஆறாவது சுற்றுல காயும்னீங்களே, அது பள்ளத்துக்கா, எல்லாத்துக்குமா? புத்தகத்துல என்ன போட்டிருக்கு, பாருங்க."

பார்த்தேன். ஈரத்தரை பற்றிய பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் அந்த வரி இருந்தது. சரிவான நிலம் மற்ற நிலத்துக்கு இரண்டு சுற்று முன்பே காய்ந்ததாகக் கொள்ள வேண்டும். நான் அதை எப்போதோ படித்துக் கடந்திருக்கிறேன், மனதில் நிற்கவில்லை. இவர் படிக்காமலே அதற்கு வந்து சேர்ந்திருந்தார். அந்த வரியின்படி அவருடைய பீரங்கிகள் நாலாவது சுற்றிலிருந்தே முழுப் பலத்தோடு சுடும். என் நடுவணி நிற்காது.

புத்தகத்தை மூடினேன்.

"எல்லா நிலமும் ஒண்ணாத்தான் காயும்னு போட்டிருக்குங்க."

ஏன் சொன்னேன் என்று பல தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெரிய காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. அறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். நான் பேராசிரியர். ஆறு வாரத்துக்கு முன் வாட்டர்லூ என்ற பெயரையே கேட்டிராத ஒருவரிடம், என் சண்டையில், என் மேஜையில், தோற்கப் பிடிக்கவில்லை. அது மட்டுமல்ல. படிக்கத் தெரியாதவர்களுக்குக் காகிதத்தைப் படித்துக் காட்டுவது எங்கள் வீட்டில் மிராசு போல வந்த வேலை. பத்திரம், பட்டா, அடங்கல், குத்தகைச் சீட்டு எல்லாம் எங்கள் முன்னோர் வாசித்துச் சொல்ல, எதிரே நின்றவர்கள் தலையாட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சரியாகத்தான் வாசித்தார்களா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அன்றைக்கு என் வாயிலிருந்து அது எவ்வளவு இலகுவாக வந்தது என்பதைப் பார்த்த பிறகு யோசித்தேன்.

லஸ்கர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "இதை எழுதினவர் வயல்ல கால் வெச்சதே இல்ல போலிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். உரக்கடைக்காரர் விடவில்லை. "அது பெல்ஜியம் மண்ணு லஸ்கரே. நம்ம களிமண் கணக்கு அங்க செல்லாது."

"மண்ணு எந்த ஊரா இருந்தா என்னங்க, தண்ணி கீழதானே போவும்?" என்றவர், என்னைப் பார்த்து, "சரி சார். புத்தகம்னா புத்தகம்தான். ஆடுங்க" என்றார்.

இரண்டு சுற்று அவருடைய பீரங்கிகள் அரைப் பலத்தோடு சுட்டன. என் நடுவணி தள்ளாடியது, விழவில்லை. எட்டாவது சுற்றில் பிரஷ்யர்கள் வந்தார்கள். அப்போதும் அவர் விடவில்லை. வலது பக்கம் பத்துப் பேரை நிறுத்தி அவர்களைத் தடுத்துக்கொண்டே, கடைசியாக வைத்திருந்த காவல் படையை மேட்டில் ஏற்றினார். என் கடைசி வரிசைக்கு ஒரு சாண் தூரத்தில் அது நின்றுபோனது. அதைப்போல ஓர் ஆட்டத்தை அந்த மாதா கோயில் மண்டபத்திலும் நான் பார்க்கவில்லை.

எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்ல ஆட்டம் சார். மண்ணு விஷயத்துல மட்டும் இதுநாள்வரைக்கும் நான் தப்பினதில்ல. வயசாயிடுச்சு போல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். மேஜையைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். அன்று நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு நடந்தது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. உரக்கடைக்காரர் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் கதையைச் சொன்னார். யூரியா மூட்டை தூக்க வந்தவருக்குக்கூட, மேடு முதலில் காயும் என்று நம்பி லஸ்கர் ஒரு சாம்ராஜ்யத்தைத் தோற்ற கதை தெரிந்தது. "வாட்டர்லூ லஸ்கர்" என்று பெயர் வந்தது. ஆரம்பத்தில் அவரும் சேர்ந்து சிரித்தார், அவரே சொல்லியும் காட்டினார். அதுவரைக்கும் சுற்றுவட்டாரத்தில் மழை பெய்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கி, குதிகாலால் நாலு இடத்தில் அழுத்திப் பார்த்து, "இன்னிக்கு வேணாம்" அல்லது "எறங்கலாம்" என்பார். என்ஜினியர்கள் கேட்காத காலத்திலும் விவசாயிகள் கேட்டார்கள். இப்போது அவர் வாயைத் திறந்தாலே யாராவது ஒருவர், "மேடு முதல்ல காயுமா லஸ்கரே?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். மெல்ல மெல்ல அவர், "எனக்கென்னங்க தெரியும்" என்று சொல்லப் பழகினார். என் வீட்டு மாடிக்கும் வருவதில்லை. மூட்டுவலி, படி ஏற முடியவில்லை என்றார்.

தை கடைசியில், சம்பா அறுவடை நடுவே, பருவம் தப்பிய மழை இரண்டு நாள் பெய்தது. எனக்கு மிச்சம் இருப்பது மூன்று மா, ஏறத்தாழ ஒரு ஏக்கர் நிலம். குத்தகைக்குச் செய்கிறவர் அறுத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுவந்திருந்த நெல்லைப் பார்க்கப் போயிருந்தேன். குவியல்களைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு எல்லாரும் சாக்குமேல் உட்கார்ந்திருந்தார்கள். லஸ்கரும் இருந்தார், உரக்கடைக்காரரும் இருந்தார். எங்கள் பக்கத்து வயல்காரப் பெண் வந்தாள். புருஷன் மஸ்கட்டில். மாமனார் காலத்து நிலத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

"மாமா, நாளைக்கு அறுப்பு மெஷின் வருது. சேத்துல ஓடுற செயின் வண்டி கெடைக்கல, டயர் வண்டிதான் கெடச்சுது. எறக்கலாமா? ஒரு நடை வந்து பாருங்களேன்."

லஸ்கர் வாயைத் திறப்பதற்குள் உரக்கடைக்காரர், "போயும் போயும் இவரையா கேக்குற? நெப்போலியனையே கவுத்தவரு" என்றார். சாக்குமேல் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"என்னைக் கேக்காதம்மா," என்றார் லஸ்கர். "மெஷின்காரரையே கேட்டுக்க."

மறுநாள் அந்த மெஷின் அவள் வயலின் தாழ்ந்த மூலையில் அச்சுவரை இறங்கி நின்றது. நான் போனபோது இரண்டு டிராக்டர் இழுத்துக்கொண்டிருந்தன. இழுக்க இழுக்க, விளைந்த கதிர் அப்படியே சேற்றில் மிதிபட்டது. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விழுந்த கதிரைக் கையால் அள்ளிக்கொண்டிருந்தாள். வரப்பில் லஸ்கர் நின்றிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"வடக்கால மேட்டுப் பக்கம் காஞ்சு கெடக்கு. அந்தப் பக்கமா எறக்கியிருந்தா..." என்று தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். உடனே, "இல்ல சார். சும்மா சொன்னேன்" என்றார்.

என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். அதற்கு மேல் என்னால் அந்த வரப்பில் நிற்க முடியவில்லை.

மறுநாள் காலை விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். வீட்டில் வைத்து அவரிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்று ஒரு எண்ணம் வராமல் இல்லை. ஆனால் அவர் பெயர் கெட்டது என் வீட்டுக்குள் அல்ல. அதே ஆட்கள் அதே சாக்குகள்மேல் இருந்தார்கள். அந்தப் பெண் சேற்று நெல்லைத் தனியாகக் காயவைத்துக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம் எல்லாரும் கேளுங்க," என்றேன். "அன்னிக்கு லஸ்கர் சொன்னதுதான் சரி. சரிவு ரெண்டு சுற்று முன்னாடி காயும்னு புத்தகத்துலயே இருக்கு. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் இல்லைன்னு சொன்னேன். அந்த ஆட்டத்துல ஜெயிச்சது அவர்."

உரக்கடைக்காரர்தான் முதலில், "விடுங்க சார். வெளையாட்டுதானே" என்றார்.

லஸ்கர் அவர் பக்கம் திரும்பினார். "வெளையாட்டுன்னா நாலு மாசமா என்னை ஏன்யா ஓட்டுனே?"

பிறகு என்னிடம் கையை நீட்டினார். புத்தகத்தைக் கொடுத்தேன். "எந்த வரி?" என்றார். விரலை வைத்துக் காட்டினேன். நான் வாசிக்கப் போனேன். அவர் தடுத்துவிட்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். "நீ படிம்மா."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, எழுத்துக் கூட்டுகிற மாதிரி நிதானமாகப் படித்தாள். ஒரு சொல்லில் தயங்கி என்னைப் பார்த்தாள், நான் வாயைத் திறக்கவில்லை. அவளே தாண்டிப் போனாள். "ஆமா மாமா. சரிவா இருக்குற நெலம் ரெண்டு சுத்து முன்னாடியே காஞ்சதாத்தான் போட்டிருக்கு."

"சரி," என்றார் லஸ்கர். புத்தகத்தை என்னிடம் தரவில்லை. "நாலாவது சுற்றுலேர்ந்து மறுபடி. வர்ற ஞாயித்துக்கெழமை. இது டீச்சர்கிட்ட இருக்கட்டும்."

"மன்னிச்சுக்கணும் நீங்க," என்றேன்.

"அது அப்புறம் பார்க்கலாம் சார்," என்றார். இன்றுவரைக்கும் பார்க்கவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

அவரே வந்து மனைவியிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் அதை அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். "அன்னிக்கே தெரியும்," என்றாள். "சுண்டல் கிண்ணத்தோட வாசப்படியில நின்னேன். ஒரு வரி படிக்க உங்களுக்கு அவ்வளவு நேரம் ஆகாது."

"ஏன் சொல்லலை?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். நாலு மாசம் ஆகும்னு நெனைக்கலை."

ஞாயிற்றுக்கிழமை மாடி நிறைந்துவிட்டது. கொள்முதல் நிலையத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். உரக்கடைக்காரர் இந்த முறை விசிறிக்கு நேரான நாற்காலியை லஸ்கருக்கு இழுத்துப் போட்டார். லஸ்கர் உட்காரவில்லை. மூட்டுவலியைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது சுற்றின் தொடக்கத்தில் எந்தப் பட்டாளம் எங்கே நின்றது என்று, படத்தையோ குறிப்பையோ பார்க்காமல், என் படை உட்பட எல்லாவற்றையும் அவரே எடுத்து வைத்தார். ஒவ்வொரு சுற்று முடிவிலும் என் போனில் எடுத்து வைத்திருந்த படங்களோடு ஒத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன.

பீரங்கிகள் சுட்டன. நாலாவது சுற்றில் என் நடுவணியில் முதல் வரிசை போனது. ஐந்தாவதில், பின்னால் ஒளித்து வைத்திருந்த இரண்டாவது வரிசை போனது. நான் குதிரைப்படையை அனுப்பினேன். அது வரும் என்று தெரிந்தே அவர் இரண்டு சுற்றுக்கு முன்னாலேயே குதிரையைத் தடுக்கும் சதுர வியூகங்களைத் தண்ணீர் போலத் திறந்துவிட்டிருந்தார், அவை சரியான நேரத்துக்கு வந்து நின்றிருந்தன. நான் சந்தேகம் கேட்டபோதெல்லாம் மனைவி புத்தகத்தைப் பிரித்து, ஆங்கிலத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை வாசித்தாள். இரண்டு தடவை எனக்கு எதிராகத்தான் வந்தது. அவள் குரலில் சந்தோஷம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

தோற்றுக்கொண்டிருந்தேன். ஆனால் என் நெஞ்சு நிமிர்ந்திருந்தது, ஒளிப்பானேன். நான் கட்டிய மேடு, நான் வர்ணம் தீட்டிய சிப்பாய்கள், அவற்றைக் கொண்டு ஒருவர் இவ்வளவு பெரிய ஆட்டம் ஆடுகிறார், ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறது. முப்பத்திரண்டு வருஷம் அந்தச் சண்டையைப் பற்றிப் பேசியவன் முதல் தடவையாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது சுற்று தொடங்கியபோது படியில் சத்தம். அந்தப் பெண். "மாமா, எங்க மேலப் பங்கு வயலுக்கு மெஷின் வந்து ரோட்டுல நிக்குது. நீங்க வந்து பார்க்காம எறக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

லஸ்கர் காவல் படையைக் கையில் எடுத்திருந்தார். அதை அப்படியே மேட்டின் அடியில் வைத்தார். "அரை மணி நேரம் சார்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். உரக்கடைக்காரர் எழுந்து, "பைக்குல விட்டுடறேன் வாங்க" என்று பின்னாலேயே போனார்.

மேஜைப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து மனைவி, "நீங்க கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அரை மணி ஒன்றரை மணி ஆனது. ஒருவரும் எழுந்து போகவில்லை. கீழே குழாயடியில் கால் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு லஸ்கர் ஏறி வந்தார், வேட்டி முழங்கால் வரை ஈரம்.

"என்ன சொன்னீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல. வடக்கு வரப்பு வழியா. தெக்கு மூலைக்கு நாளைக்குத்தான்." வாட்டர்லூவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் தன் வயலையும் சாயங்காலம் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். பார்க்கலாம் என்றார்.

காவல் படையைத் தூக்கி மேட்டில் ஏற்றினார். பகடையை உள்ளங்கையில் குலுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"உங்க நடுவுல ரெண்டு பட்டாளம்தான் பாக்கி. நிக்கிறீங்களா சார், ஓடுறீங்களா?"

"நிக்கிறேன்," என்றேன்.

முதல் வீச்சில் ஒன்று போனது, அடுத்த வீச்சில் மற்றொன்று. மேடு அவருடையது. பிரஷ்யர்கள் வர இன்னும் ஒரு சுற்று இருந்தது.